பழம் பறிக்க வருபவர் என்ன நிபந்தனையில் வருகிறார்?



எங்கள் வானொலியில் குடிவரவு பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான அழைப்புகள் வரும். ஒருவர் சொல்வார்: "வந்தது போதும், இனி இந்த நாடு கதவைச் சாத்தத்தான் வேணும்." சொல்பவரும் ஒரு காலத்தில் அகதியாக வந்து இறங்கியவர்தான். அடுத்தவர் கேட்பார்: "தோட்டங்களில் பழம் பறிக்க ஆளில்லையாம். ஊரில் என்ரை தங்கச்சியின் மகன் வேலையில்லாமல் நிக்கிறான். அந்த விசா எடுக்க வழி இருக்கோ?"

இரண்டும் ஒரே விடயத்தின் இரண்டு பக்கங்கள். ஆகவே இந்த மாத உரையில், பிரித்தானியப் பண்ணைகளில் ஆள் தட்டுப்பாடு எப்படி வந்தது, அதற்கு அரசு கொண்டுவந்த விசா என்ன, அதைப் பற்றிய விவாதத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்கப் பார்க்கிறேன். இதில் எங்கள் நாட்டுச் சரித்திரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதையும் சொல்லாமல் விட முடியாது.

ஆள் தட்டுப்பாடு புதிதல்ல

பழமும் காய்கறியும் விளைவிப்பவருக்கு வருடம் முழுவதும் ஒரே அளவு ஆட்கள் தேவையில்லை. பழுக்கும் வாரங்களில் நூறு பேர் வேண்டும், மற்ற மாதங்களில் பத்துப் பேர் போதும். அந்த நூறு பேரை எங்கே தேடுவது என்பதுதான் பழைய பிரச்சினை.

ஒரு காலத்தில் அந்த ஆட்கள் இலண்டனிலிருந்தே போனார்கள். பியர் காய்ச்சப் பயன்படும் ஹொப் பூக்களைப் பறிக்க, செப்டெம்பர் மாதத்தில் கிழக்கு இலண்டன் ஏழைக் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களுடன் ரயில் ஏறிக் கென்ற் மாவட்டத்துக்குப் போகும். தாய்மாரும் பிள்ளைகளும் குடிசைகளில் தங்கி வேலை செய்வார்கள். அந்தக் குடும்பங்களுக்கு வெளியூர்க் காற்று கிடைத்த ஒரே விடுமுறையும் அதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இயந்திரங்கள் வந்தன, நகரத்தில் நல்ல வேலைகளும் வந்தன. 1960களோடு அந்த வழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

1945இல் அரசு வேறொரு வழி கண்டது. வெளிநாட்டு இளைஞர்களையும் மாணவர்களையும் அறுவடைக் காலத்துக்கு மட்டும் வரவழைக்கும் திட்டம் அப்போது தொடங்கியது. பிற்காலத்தில் அது பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2013 முடிவில் நிறுத்தப்பட்டது. நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. 2004 மே 1ஆம் திகதி போலந்து உட்படப் பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2007இல் ருமேனியாவும் பல்கேரியாவும் சேர்ந்தன. 2014இலிருந்து அந்த இரு நாட்டவருக்கும் இங்கே தடையில்லாமல் வேலை செய்யும் உரிமை கிடைத்தது. தனித் திட்டம் தேவையில்லை என்று அரசு முடிவு செய்தது.

இதே காலத்தில் தோட்டமும் மாறியது. முன்பு ஸ்ரோபெரி என்றால் ஜூன், ஜூலையில் ஆறு வாரப் பருவம். பிளாஸ்ரிக் கூடாரங்களுக்குள் வளர்க்கத் தொடங்கியதும் அது பல மாதங்களாக நீண்டது. கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கென்ற் பக்கம் பழம் பிடுங்கப் போகும் எங்கள் குடும்பங்கள் அந்த வெள்ளைக் கூடாரங்களை வீதியோரம் பார்த்திருக்கும். நாங்கள் ஒரு மணித்தியாலம் குனிந்து பிடுங்கினாலே இடுப்பைப் பிடிக்கிறோம். அதையே நாள் முழுவதும், வாரத்தில் ஆறு நாள் செய்வதற்கு ஆயிரக்கணக்கானோர் தேவைப்பட்டார்கள். அவர்களில் 99 வீதத்தினர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்று அரசின் குடிவரவு ஆலோசனைக் குழு 2018இல் எழுதியது.

2016 ஜூன் 23ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று முடிவாகியது. 2020 டிசம்பர் 31உடன் சுதந்திரமாக வந்து வேலை செய்யும் உரிமையும் முடிந்தது. கென்ற், லிங்கன்ஷயர், ஹெரஃபோர்ட்ஷயர் போன்ற இடங்களின் தோட்டக்காரர்கள் அதற்கு முன்பே கை பிசையத் தொடங்கிவிட்டார்கள்.

ஆறு மாத விசா

2019இல் பரீட்சார்த்தமாக ஒரு விசா தொடங்கியது. முதல் வருடம் 2,500 பேர்தான். 2020இல் 10,000. 2021இல் 30,000. 2023இல் தோட்டங்களுக்கு 45,000, கோழிப் பண்ணைகளுக்குத் தனியாக 2,000. 2025இல் தோட்டங்களுக்கு 43,000 என்று சற்றுக் குறைத்தார்கள். அதே வருடம் பெப்ரவரியில், இந்த விசாவை மேலும் ஐந்து வருடங்களுக்கு நீடிப்பதாகத் தொழிற்கட்சி அரசு அறிவித்தது. குடிவரவைக் குறைப்போம் என்று சொல்லி வந்த அரசுகளே, கட்சி மாறினாலும், இந்த ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த விசாவின் விபரம் இதுதான். தோட்ட வேலைக்கு ஒரு தடவையில் ஆறு மாதம் வரை இருக்கலாம். குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. இங்கிருந்தபடி வேறு விசாவுக்கு மாற முடியாது. எத்தனை தடவை வந்து போனாலும் அது வதிவிட உரிமைக்குக் கணக்கில் வராது. அரசின் கொடுப்பனவுகள் எதுவும் கிடையாது. ஆட்களைத் தெரிவு செய்து கொண்டுவருவது, அரசு அங்கீகரித்த ஒரு சில நிறுவனங்கள் மட்டும். வந்த பண்ணையிலிருந்து வேறு பண்ணைக்கு மாறுவதென்றாலும் அந்த நிறுவனம் ஊடாகத்தான் மாறலாம்.

முதல் வருடங்களில் பெரும்பாலும் உக்ரேனியர்களே வந்தார்கள். 2021இல் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அவர்கள். 2022 பெப்ரவரியில் அங்கே போர் தொடங்கியதும் ஆட்சேர்ப்பு வேறு நாடுகளுக்குத் திரும்பியது. கிர்கிஸ்தான், தாஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான், நேபாளம், இந்தோனேசியா என்று தூரம் கூடிக்கொண்டு போனது. தூரம் கூடினால் செலவும் கூடும், இடைத்தரகரும் கூடுவார். இதைப் பிறகு பார்ப்போம்.

இரு தரப்பு வாதங்கள்

தோட்டக்காரர்கள் சொல்வது இது. ஆள் இல்லாவிட்டால் பழம் செடியிலேயே அழுகும். 2022இன் முதல் அரைவாசியில் மட்டும், தங்கள் கணக்கெடுப்பில் பங்குபற்றிய பண்ணைகளில் 2 கோடியே 20 லட்சம் பவுண் பெறுமதியான பழமும் காய்கறியும் வீணாகியதாகத் தேசிய விவசாயிகள் சங்கம் சொன்னது. இந்த நாடு உண்ணும் காய்கறியில் ஏறத்தாழப் பாதிதான் இங்கே விளைகிறது, பழத்தில் ஆறில் ஒரு பங்குதான். அதையும் விட்டால் முழுவதும் ஸ்பெயினையும் மொரோக்கோவையும் நம்ப வேண்டிவரும் என்பது அவர்கள் வாதம்.

எதிர்த் தரப்பு சொல்வது: மலிவான வெளிநாட்டு ஆட்கள் இருக்கும்வரை பண்ணைக்காரர் சம்பளத்தைக் கூட்டமாட்டார், இயந்திரத்தில் முதலிடமாட்டார். உள்ளூர்க்காரருக்கு நல்ல சம்பளம் கொடுத்தால் அவர்கள் போவார்கள்.

இந்த வாதத்தைச் சோதிக்க 2020இல் ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டன, இங்கே பலர் வேலை இழந்து வீட்டில் இருந்தார்கள். பிரித்தானியாவுக்காகப் பழம் பறியுங்கள் என்று அரசு ஒரு பிரசாரம் நடத்தியது. அப்போது இளவரசராக இருந்த சார்ள்ஸ் அவர்களே மே மாதத்தில் காணொளியில் தோன்றி மக்களை அழைத்தார். ஆயிரக்கணக்கானோர் விருப்பம் தெரிவித்தார்கள். ஆனால் வேலையில் சேர்ந்து பருவம் முடியும்வரை நின்றவர்கள் கொஞ்சப்பேர்தான். பண்ணைகள் ருமேனியாவிலிருந்து தனி விமானத்தில் ஆட்களைக் கொண்டுவந்தன. அடுத்த வருடம் அந்தப் பிரசாரம் கைவிடப்பட்டது.

இதை வைத்து வெள்ளைக்காரர் சோம்பேறிகள் என்று சொல்வது சுலபம். எங்கள் ஆட்களும் அப்படிச் சொல்லிச் சிரிப்பதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. வீடு ஓரிடத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஓரிடத்தில் இருக்கிற ஒருவர், பேருந்து போகாத கிராமத்தில் ஐந்தாறு பேருடன் ஒரு கரவனில் தங்கி, ஆறு மாதத்தில் முடிந்துபோகும் வேலைக்குப் போவாரா? வீட்டு வாடகை நிற்கப்போவதில்லை. ஹரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளும்தான் போகவில்லை.

அமெரிக்காவில் நடந்ததையும் பார்க்கலாம். 1942 முதல் 1964 வரை பிரசேரோ என்ற திட்டத்தின் கீழ் மெக்சிக்கோவிலிருந்து பண்ணைத் தொழிலாளர்கள் பெருமளவில் கொண்டுவரப்பட்டார்கள். உள்ளூர்க்காரரின் சம்பளம் கூடும் என்று சொல்லி அதை நிறுத்தினார்கள். பிற்காலத்தில் பொருளியலாளர்கள் அந்தக் கணக்குகளை ஆராய்ந்தபோது, சம்பளம் அப்படிக் கூடியதாகத் தெரியவில்லை. பண்ணைக்காரர்கள் தக்காளி பறிக்கும் இயந்திரத்தை வாங்கினார்கள், இயந்திரம் இல்லாத பயிரைக் குறைத்தார்கள். ஸ்ரோபெரிக்கு மனிதக் கையின் பதத்தில் மலிவாகப் பறிக்கும் இயந்திரம் இன்னும் பரவலாக வரவில்லை. ஆகவே அடுத்த சில வருடங்களுக்கு யாராவது வெளியிலிருந்து வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

எத்தனை பேர் என்பதை மட்டுமே தொலைக்காட்சியில் விவாதிக்கிறார்கள். என்ன நிபந்தனையில் என்பதைப் பேசுபவர் குறைவு. அந்தக் கேள்வியின் பாரம் எங்களுக்குத் தெரியும்.

கோப்பித் தோட்டத்தில் நடந்தது

இலங்கையில் பிரித்தானியர் கோப்பித் தோட்டம் போட்டபோதும் ஆள் தட்டுப்பாடுதான் பேச்சு. மதுரை, திருச்சி, திருநெல்வேலி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஏழைகள் படகேறி மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியே கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பினார்கள். இன்றைய மொழியில் சொன்னால் அவர்களும் பருவகாலத் தொழிலாளர்களே.

1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. சில வருடங்களில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். வந்து போனவர்கள் லயங்களில் நிரந்தரமாகத் தங்கினார்கள். ஆனால் அவர்களை எண்ணி வைத்த விதம் மாறவில்லை. என்றைக்கோ திரும்பிப் போகிற கூலிகள் என்றே கணக்கு வைத்தார்கள்.

ஆட்களைக் கொண்டுவந்தவர் கங்காணி. வழிச்செலவுக்கு முற்பணம் கொடுப்பார், அது கடனாக ஏறும். எத்தனை பேரை வேலைக்கு இறக்கினாரோ அந்தக் கணக்கில் அவருக்குத் தலைக்காசு கிடைக்கும். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரையிடமிருந்து ஒரு துண்டு வேண்டும். இவருடைய கடனைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று எழுதிய சீட்டு அது. புதுத் தோட்டம் கடனைக் கட்டும், கடன் அங்கே தொடரும். மனிதர் இடம் மாறினாலும் கடன் விடாது. இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பிறகு 1948. சுதந்திர இலங்கையின் முதற் சட்டங்களில் ஒன்றான பிரசாவுரிமைச் சட்டம் சுமார் ஏழு லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்தன. கடைசியாக இருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பிரசாவுரிமை கிடைத்தது. உழைப்பு வேண்டும், உழைப்பவர் வேண்டாம் என்று ஒரு நாடு நினைத்தால் அது எத்தனை தலைமுறைக்கு நீளும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

வடக்கிலிருந்து வந்த நாங்கள் இதை வேறு யாரோ செய்ததாக மட்டும் பேசக் கூடாது. 1958, 1977 வன்செயல்களில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறின. என் சிறு வயதில் கிளிநொச்சியில் எங்கள் வயல்களில் அருவி வெட்டவும், மிளகாய் பிடுங்கவும் வந்தவர்கள் அவர்கள்தான். விடியற்காலையில் பாரதிபுரம் பக்கத்திலிருந்து சைக்கிளிலும் நடையிலும் வருவார்கள். நாட்கூலி. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அவர்களை ஊர்ப் பெயரால் அல்ல, "தோட்டக்காட்டார்" என்றே குறிப்பிட்டார்கள். குடியிருந்த காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லாமல் பல குடும்பங்கள் எத்தனையோ வருடம் இருந்தன. அவர்கள் இல்லாவிட்டால் பெரும்போகம் வீடு வந்து சேர்ந்திராது.

கடன் கணக்கு

அந்தக் காலத்துத் தோட்டமும் இந்தக் காலத்துக் கென்ற் பண்ணையும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இருக்கிறது. வாரத்துக்குச் சராசரி 32 மணித்தியாலச் சம்பளத்தைப் பண்ணை கொடுத்தாக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் வந்தது. 2004 பெப்ரவரி 5ஆம் திகதி இரவு, மோர்காம்பே கடற்கரையில் சிப்பி பொறுக்கிய சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் ஏறிவந்த கடலில் மூழ்கி இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பின் அதே வருடம் வந்த சட்டம், விவசாயத்துக்கும் சிப்பி பொறுக்கலுக்கும் ஆட்களை வழங்கும் இடைத்தரகர்கள் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் வரும் சொல்லுக்குத் தமிழில் நான் கங்காணி என்பதை விடப் பொருத்தமான சொல்லைக் காணவில்லை.

ஆனால் கடன் மட்டும் மாறவில்லை. 2022இல் கென்ற் பண்ணை ஒன்றில் வேலை செய்த இந்தோனேசியர்கள், ஊர்த் தரகர்களுக்குக் கொடுத்த பணத்தால் 5,000 பவுண் வரை கடன்பட்டிருந்தது பத்திரிகைகளில் வெளிவந்தது.

ஒரு கணக்குப் போடுவோம். 2025 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 12 பவுண் 21 பென்ஸ். 32 மணித்தியாலத்துக்கு 390 பவுண் 72 பென்ஸ். தங்குமிடத்துக்கு அப்போது நாளொன்றுக்கு 10 பவுண் 66 பென்ஸ் வரை கழிக்க முடிந்தது, வாரத்துக்கு 74 பவுண் 62 பென்ஸ். மிச்சம் 316 பவுண். வரியையும் சாப்பாட்டையும் விட்டுவிட்டுப் பார்த்தாலும், 5,000 பவுண் கடனை அடைக்க ஏறத்தாழ 16 வாரம் வேண்டும். விசாவோ 26 வாரம். அறுவடை குறைந்தது என்று இடையில் அனுப்பிவிட்டால், கடனோடுதான் வீடு போக வேண்டும். அதனால்தான் வருபவர் எவருக்கும் குறைந்தது இரண்டு மாதச் சம்பளமாவது உறுதி செய்யப்பட வேண்டும் என்று குடிவரவு ஆலோசனைக் குழு 2024 ஜூலையில் பரிந்துரைத்தது.

இப்படிக் கடன் தலையில் இருக்கிற ஒருவர் கரவனில் மழை ஒழுகுகிறது என்று முறையிடுவாரா? மேற்பார்வையாளர் ஏசினால் எதிர்த்துப் பேசுவாரா? அடுத்த வருடம் பெயர் பட்டியலில் வராது என்ற பயமே அவர் வாயை மூடிவிடும். சட்டம் புத்தகத்தில் இருக்கும், அதைக் கேட்டு வாங்குகிற தைரியத்தைக் கடன் எடுத்துவிடும்.

காத்திருக்கும் எங்கள் ஆட்கள்

இன்னொரு கேள்வியும் நேயர்கள் கேட்பதுண்டு. இங்கேயே அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்களை ஏன் தோட்டத்துக்கு அனுப்பக் கூடாது?

பழையவர்களுக்கு நினைவிருக்கும். ஆறு மாதத்துக்குள் முதல் முடிவு வராவிட்டால் வேலை அனுமதி கேட்கலாம் என்ற சலுகை 2002 ஜூலை வரை இருந்தது. எங்களில் பலர் பெற்றோல் நிலையத்திலும் உணவகத்திலும் தலைநிமிர்ந்து வேலை தொடங்கியது அந்தக் கடிதத்தோடுதான். பிறகு அந்தச் சலுகை எடுக்கப்பட்டது. 2005இலிருந்து பன்னிரண்டு மாதம் கடந்த பின்பே கேட்கலாம் என்றானது. 2010இலிருந்து, அனுமதி கிடைத்தாலும் அரசு பட்டியலிட்ட தொழில்கள் மட்டுமே. அவை தேர்ச்சி வேண்டிய தொழில்கள், பருவகாலப் பழம் பறிப்புக்கு அங்கே இடமில்லை.

வேலை கொடுத்தால் இன்னும் பலர் வருவார்கள் என்பது அரசின் வாதம். தடையை நீக்கினால் அரசின் செலவு குறையும், வரி வரும், மனிதர் மனமுடைய மாட்டார் என்பது நீக்கக் கேட்பவர்களின் வாதம். என் கருத்து இரண்டாவது பக்கம். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். அகதியைப் பண்ணைக்குத்தான் போக வேண்டும் என்று அனுப்புவது தீர்வல்ல. எந்த வேலைக்கும் போகலாம், பிடிக்காவிட்டால் விடலாம் என்ற உரிமைதான் வேலை உரிமை. விட்டுப்போக முடியாத வேலையைத்தான் துண்டு முறை தந்தது.

ஊரிலிருந்து தொலைபேசி வந்தால்

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கையிலிருந்து எங்கே என்றாலும் போகலாம் என்ற நிலை வந்தது. 2023 நவம்பரில் 10,000 பேர் வரை இஸ்ரேலுக்குப் பண்ணை வேலைக்கு அனுப்ப இலங்கை உடன்பட்டது. போர் நடக்கும் நாட்டுக்கே போகத் தயாரானவர்கள், இலண்டன் தோட்ட விசா என்று யாரும் சொன்னால் நம்பத்தான் செய்வார்கள். ஆகவே உறவினர் கேட்டால் இவற்றைச் சொல்லுங்கள்.

முதலாவது, இந்த விசாவுக்கு ஆள் எடுப்பது பிரித்தானிய அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் மட்டுமே. அவற்றின் பெயர்ப் பட்டியல் அரசின் இணையத்தளத்தில் இருக்கிறது. அதில் இல்லாத எவரும் இந்த விசாவுக்கு உத்தரவாதச் சான்று கொடுக்க முடியாது.

இரண்டாவது, வேலை எடுத்துத் தருவதற்குப் பணம் வாங்குவது இந்த நாட்டுச் சட்டப்படி தடை. விசாக் கட்டணம், 2025 ஏப்ரலில் 319 பவுண், விமானச் சீட்டு ஆகியவை வேறு. பத்து லட்சம், இருபது லட்சம் ரூபா கேட்பவர் தரகர்.

மூன்றாவது, இலங்கையில் முகவர் என்று சொல்பவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்திலேயே விசாரிக்க வேண்டும்.

நான்காவது, இது ஆறு மாத வேலை. வந்தபிறகு எப்படியாவது நிற்கலாம் என்று யாராவது சொன்னால், அது காணியை ஈடுவைக்கப் பண்ணுகிற பேச்சு. அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்து ஆறு மாதத்துக்கு வருவதை விட வராமல் இருப்பது மேல் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கோபிப்பார்கள், பரவாயில்லை.

ஏற்கனவே இங்கு வந்து பண்ணையில் கஷ்டப்படுபவர் யாரையாவது தெரிந்தால், அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், சம்பளப் பிரச்சினைக்கு ஏகாஸ் ஆலோசனைச் சேவையும், கட்டாய வேலை, கடவுச்சீட்டைப் பறித்தல் போன்றவற்றுக்கு நவீன அடிமைத்தன உதவித் தொலைபேசிச் சேவையும் இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

நேயர்களே, இந்த நாட்டில் எங்களில் பெரும்பாலானோருக்கு இப்போது வாக்குரிமை இருக்கிறது. தேர்தல் வந்தால் பாராளுமன்ற உறுப்பினர் எங்கள் கோயில் திருவிழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் பொன்னாடை போர்த்திக்கொள்ள வருவார். அவரிடம் குடிவரவைக் கூட்டுவீர்களா குறைப்பீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். பழம் பறிக்க வருகிற மனிதர் முதலாளியை மாற்றலாமா, அவருடைய பயணச் செலவை யார் ஏற்பது, அந்த இரண்டு மாதச் சம்பள உறுதி என்ன ஆயிற்று என்று கேளுங்கள். மலையகத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்க நூறு வருடம் பிந்தினோம்.

அடுத்த மாத உரையில் சந்திப்போம்.